சரியான கடவுச்சொல்லும் திறக்காத அஞ்சல் பெட்டியும்

மின்னஞ்சலைப் பயன்படுத்துவோர் பலருக்கு ஒரு புதிர் எதிர்ப்படுவதுண்டு. உலாவியில் அஞ்சல் பக்கத்தைத் திறந்து கடவுச்சொல்லைத் தட்டினால் பெட்டி உடனே திறக்கிறது. அதே முகவரியையும் அதே கடவுச்சொல்லையும், கணிப்பொறியில் நிறுவப்பட்ட தண்டர்பேர்டு போன்ற ஓர் அஞ்சல் நிரலில் கொடுத்தால், 'உள்நுழைவு தோல்வி' என்ற பதில் வருகிறது. ஓர் எழுத்தும் பிசகாமல் மீண்டும் தட்டினாலும் அதே பதில்தான். பூட்டு ஒன்று, சாவியும் ஒன்று. ஆனால் ஓரிடத்தில் திறக்கிறது, மற்றோரிடத்தில் திறக்க மறுக்கிறது. இது எப்படி?

இந்நிலையில் பலர் உடனே கடவுச்சொல்லை மாற்றிவிடுகின்றனர். அதனால் சிக்கல் தீர்வதில்லை. சில வேளைகளில் பெருகவும் செய்கிறது. வேறு சிலர் பாதுகாப்பு ஏற்பாடுகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கின்றனர். இது அதைவிடத் தீங்கானது. தேர்வு நுழைவுச் சீட்டும், வேலைக்கான அழைப்பும், வங்கியின் அறிவிப்பும் இப்பெட்டிக்குத்தான் வருகின்றன. மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மறந்துவிட்டால், அதைப் புதுப்பிக்கும் வழியும் இப்பெட்டிக்கே அனுப்பப்படுகிறது. ஆகவே அஞ்சல் பெட்டி பறிபோனால், அதனுடன் பல கதவுகளின் சாவிகளும் பறிபோகும். மேற்கூறிய புதிரின் காரணத்தை அறிந்துகொண்டால், பாதுகாப்பைக் குறைக்காமலே பழுதை நீக்கலாம்.

நேரில் செல்வதும் ஆளை அனுப்புவதும்

உலாவி வழியே அஞ்சல் பார்ப்பதை, நாமே அஞ்சலகத்துக்கு நேரில் சென்று கடிதம் கேட்பதற்கு ஒப்பிடலாம். அஞ்சல் நிரலைப் பயன்படுத்துவதோ, நமக்காக ஓர் ஆளை அனுப்பிக் கடிதங்களை வாங்கிவரச் சொல்வது போன்றது. அந்த ஆள் நாம் கேட்காமலே குறித்த நேரத்துக்கு ஒருமுறை சென்று வருவான். பல முகவரிகளுக்கு வரும் அஞ்சல்களை ஒரே இடத்தில் சேர்த்து வைப்பான். இணைய இணைப்பு இல்லாத வேளையிலும் பழைய கடிதங்களைப் படிக்க உதவுவான். இவ்வசதிகளுக்காகவே இன்றும் பலர் அஞ்சல் நிரல்களை விரும்புகின்றனர்.

வரலாற்றில் முந்தியது ஆளை அனுப்பும் முறையே. ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1971-இல் இரு கணிப்பொறிகளிடையே வலையமைப்பின் வழியே செய்தி அனுப்பிக் காட்டினார். பெயரையும் இடத்தையும் பிரித்துக் காட்டும் 'அட்' குறி அவர் தேர்ந்தெடுத்ததே. அஞ்சலை அனுப்புவதற்கான எஸ்.எம்.டி.பி. என்னும் நெறிமுறை 1982-இல் வெளியாயிற்று. அஞ்சலை இறக்கிக்கொள்வதற்கான 'பாப்' நெறிமுறை 1984-இல் வந்தது. அஞ்சலை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு பார்வையிட உதவும் 'ஐமேப்' நெறிமுறையை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் 1986-இல் வடிவமைத்தார். உலாவி வழியே அஞ்சல் பார்க்கும் முறை பரவியது இதற்குப் பின்னரே. சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் தொடங்கிய ஹாட்மெயில் 1996-லும், ஜிமெயில் 2004-லும் வந்தன.

இந்த ஆண்டுகளை நினைவில் வைப்பது பயன் தரும். நெறிமுறைகள் பிறந்த காலத்தில் வலையமைப்பில் இருந்த கணிப்பொறிகள் மிகச் சில. அவற்றைப் பயன்படுத்தியோர் பெரும்பாலும் ஆய்வாளர்கள். பெயரையும் கடவுச்சொல்லையும் சொன்னால் போதும், உள்ளே விடலாம் என்பதே அக்கால ஏற்பாடு. இன்றைய சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நான்கு படிகள்

அஞ்சல் நிரல் ஒவ்வொரு முறையும் நான்கு படிகளைக் கடந்தே உள்ளே செல்கிறது. எந்தப் படியில் தடுக்கப்பட்டாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: அஞ்சல் வரவில்லை. ஆகவே படிகளைத் தனித்தனியே அறிய வேண்டும்.

முதற்படி, முகவரியைக் கண்டறிதல். அஞ்சல்களைச் சேமித்து வைத்திருக்கும் கணிப்பொறியைச் சர்வர் என்கிறோம். நாம் கொடுக்கும் சர்வர் பெயரை, இணையத்தின் பெயர்ப் பதிவேடு எண் முகவரியாக மாற்றித் தருகிறது. பெயரில் ஓர் எழுத்தோ ஒரு புள்ளியோ தவறினால் ஆள் வேறு தெருவுக்குப் போய்விடுவான்.

இரண்டாம் படி, உரிய வாயிலை அடைதல். ஒரே சர்வரில் பல பணிகள் நடப்பதால், ஒவ்வொரு பணிக்கும் ஓர் எண் உண்டு. இதனைப் போர்ட் எண் என்பர். பாதுகாப்பான ஐமேப் பணிக்கு 993, பாதுகாப்பான பாப் பணிக்கு 995, அஞ்சல் அனுப்புவதற்கு 465 அல்லது 587 என்பன வழக்கமான எண்கள்.

மூன்றாம் படி, வழியில் எவரும் ஒட்டுக்கேட்காதபடி பேச்சை மறைத்தல். இதற்கு டி.எல்.எஸ். என்னும் முறை பயன்படுகிறது. அப்போது சர்வர் தன் சான்றிதழைக் காட்டும். சான்றிதழில் உள்ள பெயர், நாம் தேடி வந்த பெயர்தானா, அதன் காலவரை முடியாமல் இருக்கிறதா என்று நிரல் ஒத்துப் பார்க்கும். அதாவது, நம் ஆளைச் சர்வர் சோதிக்கும் முன், சர்வரை நம் ஆள் சோதிக்கிறான்.

நான்காம் படி, ஆளை அறிதல். இங்குதான் பெயரும் கடவுச்சொல்லும் வேலை செய்கின்றன. ஐமேப் நெறிமுறையில் சர்வர் தரும் பதில்கள் மூன்றே: 'சரி', 'இல்லை', 'புரியவில்லை'. 'இல்லை' என்னும் சர்வர், காரணத்தை விரித்துச் சொல்லாமல் விடுவது பெரும்பாலும் வேண்டுமென்றே செய்வதாகும். 'பெயர் சரி, கடவுச்சொல்தான் தவறு' என்று சொன்னால், திருட வந்தவனுக்குப் பாதி விடை கிடைத்துவிடுமல்லவா? திருடனுக்குச் சொல்லாத காரணம் உரியவருக்கும் தெரியாமற் போகிறது. அதனால்தான் வெவ்வேறு பழுதுகள் எல்லாம் 'கடவுச்சொல் தவறு' என்னும் ஒரே உடையில் நம்முன் வந்து நிற்கின்றன.

ஆளை ஏன் ஏற்பதில்லை?

இப்போது புதிருக்கு வருவோம். நாம் உலாவியில் நுழையும்போது, கடவுச்சொல்லுக்குப் பிறகு வேறொரு கேள்வியும் கேட்கப்படலாம். கைப்பேசிக்கு ஒரு குறியெண் வரும். அல்லது 'இது நீங்கள்தானா?' என்று கைப்பேசித் திரை கேட்கும். இதனை இருபடிச் சரிபார்ப்பு என்பர். கடவுச்சொல்லைத் திருடியவன் இந்த இரண்டாம் கேள்வியில் நின்றுவிடுவான்.

நம் ஆளுக்கு இக்கேள்வியே புரியாது. பெயர், கடவுச்சொல் என்னும் இரண்டை மட்டும் ஒப்பிக்கவே பழைய முறை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது. மேலும், அவன் நம் கடவுச்சொல்லை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. கணிப்பொறி வேறொருவர் கைக்குப் போனால், முழுக் கணக்கின் சாவியும் உடன் போகிறது. இக்காரணங்களால், கடவுச்சொல்லை மட்டும் கொண்டு வரும் நிரல்களைப் பெரிய அஞ்சல் நிறுவனங்கள் படிப்படியாக நிறுத்தின. தனிநபர் கணக்குகளில் கூகுள் நிறுவனம் 2022 மே 30-ஆம் நாள் முதல் இம்முறையை விலக்கிற்று. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் அவுட்லுக், ஹாட்மெயில் தனிநபர் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16-ஆம் நாளை எல்லையாக அறிவித்தது.

ஆகவே கடவுச்சொல் தவறானதன்று. அதை எடுத்துச் சென்ற முறைதான் ஏற்கப்படவில்லை. 'பாதுகாப்புக் குறைந்த நிரல்களை அனுமதி' என்னும் பொத்தானைத் தேடச் சொல்லும் பழைய அறிவுரைகளை இன்னும் காணலாம். ஜிமெயில் தனிநபர் கணக்குகளில் அந்தப் பொத்தானே இன்று இல்லை.

அனுமதிக் கடிதமும் தனிச் சாவியும்

இதற்குத் தீர்வு இரண்டு உண்டு.

முதலாவது, ஓ-ஆத் என்னும் முறை. நமக்கு வந்த பதிவுத் தபாலை வாங்கிவர ஒருவரை அனுப்பும்போது, கையெழுத்திட்ட ஓர் அனுமதிக் கடிதம் கொடுத்தனுப்புவதைப் போன்றது இது. நிரலில் கணக்கைச் சேர்க்கும்போது, அஞ்சல் நிறுவனத்தின் சொந்த நுழைவுப் பக்கம் ஒரு சிறு சாளரத்தில் திறக்கும். கடவுச்சொல்லையும் கைப்பேசிக் குறியெண்ணையும் நாமே அங்கு தருகிறோம். நிறுவனம் அவற்றைச் சரிபார்த்து, நிரலுக்கு ஓர் அனுமதிச் சீட்டை வழங்குகிறது. கூகுள் தரும் சீட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரமே செல்லும். அதன்பின் புதிய சீட்டு பெறுவதற்கான மற்றொரு சீட்டும் நிரலிடம் இருப்பதால், நாம் ஒவ்வொரு மணிக்கும் கடவுச்சொல் தரத் தேவையில்லை. நிரலிடம் நம் கடவுச்சொல் இருப்பதே இல்லை. வேண்டாதபோது அச்சீட்டை மட்டும் நாம் ரத்து செய்யலாம்.

இரண்டாவது, செயலிக் கடவுச்சொல். வீட்டின் சாவிக் கொத்தை அப்படியே கொடுக்காமல், வெளியறைக்கு மட்டும் ஒரு தனிச் சாவி செய்து கொடுப்பது போன்றது இது. ஓ-ஆத் முறை தெரியாத பழைய நிரல்களுக்கு இது உதவும. கூகுள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கிய பிறகே இதனைப் பெற முடியும். பதினாறு எழுத்துகள் கொண்ட இச்சொல்லைக் கூகுளே உண்டாக்கித் தரும், ஒருமுறைதான் காட்டும். நிரல் கடவுச்சொல் கேட்கும் இடத்தில், வழக்கமான சொல்லுக்குப் பதிலாக இதனைத் தர வேண்டும். முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால் செயலிக் கடவுச்சொற்கள் அனைத்தும் செல்லாமற் போய்விடும். பழுது நேர்ந்தவுடன் கடவுச்சொல்லை மாற்றுவோர், ஒழுங்காக இயங்கிவந்த மற்ற நிரல்களையும் நிறுத்திவிடுவது இதனால்தான்.

பழுதைக் கண்டறியும் வரிசை

மருத்துவர் நோய்க்குறிகளை வரிசையாக ஆராய்வது போல, நாமும் ஒரு வரிசையைப் பின்பற்றலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது அவசியம். இரண்டை மாற்றினால் எது பழுது என்பது தெரியாமற் போகும்.

1. முதலில் உலாவியில் அஞ்சல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கும் திறக்கவில்லையெனில் குறை நிரலில் இல்லை, கணக்கில் உள்ளது. திறந்தால், 'புதிய இடத்திலிருந்து நுழைய முயற்சி நடந்தது' என்பது போன்ற எச்சரிக்கை காத்திருக்கிறதா என்று பாருங்கள். அது உங்கள் நிரலின் முயற்சிதான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஒப்புதல் தாருங்கள்.

2. பிழைச் செய்தியை முழுவதும் படியுங்கள். 'இணைக்க முடியவில்லை' என்றால் முதல் இரு படிகளில் தடை. 'சான்றிதழ்' என்ற சொல் வந்தால் மூன்றாம் படி. 'உள்நுழைவு', 'கடவுச்சொல்' என்ற சொற்கள் வந்தால் நான்காம் படி. எண்ணும் வரலாம். அஞ்சல் அனுப்பும்போது 535 என வந்தால், அடையாளம் ஏற்கப்படவில்லை என்பது பொருள். ஜிமெயில் சர்வர் 534 என்று சொல்லிச் செயலிக் கடவுச்சொல் கேட்பதும் உண்டு.

3. சர்வர் பெயரையும் போர்ட் எண்ணையும் பாதுகாப்பு முறையையும் ஒன்றாகச் சரிபாருங்கள். அஞ்சல் அனுப்பும் வாயில்களில் 465-இல் நுழைந்தவுடனேயே மறைபேச்சு தொடங்க வேண்டும். 587-இல் வெளிப்படையாக வணக்கம் சொல்லிவிட்டு, ஸ்டார்ட்-டி.எல்.எஸ். என்ற கட்டளைக்குப் பின் மறைபேச்சுக்கு மாற வேண்டும். 465-இல் இந்த இரண்டாம் முறையை அமைத்துவிட்டால், நிரல் சர்வரின் வணக்கத்துக்குக் காத்திருக்கும்; சர்வரோ நிரலின் மறைபேச்சுக்குக் காத்திருக்கும். இருவரும் வாய் திறவாமல் நிற்க, நேரம் கடந்து இணைப்பு அறுந்துவிடும்.

4. பயனர் பெயர் என்னுமிடத்தில், 'அட்' குறிக்குப் பின்வரும் பகுதியையும் சேர்த்து முழு முகவரியையும் தாருங்கள்.

5. அடையாள முறை என்ன என்று பாருங்கள். தண்டர்பேர்டு நிரலில் கணக்கு அமைப்புகளில் இது தனி வரியாக உள்ளது. ஜிமெயில் கணக்குக்கு 'ஓ-ஆத் 2' என்பதைத் தேர்ந்தெடுங்கள். செயலிக் கடவுச்சொல் பயன்படுத்துவோர் மட்டும் 'சாதாரணக் கடவுச்சொல்' என வைக்க வேண்டும். ஓ-ஆத் சாளரம் திறந்தும் நுழைவு முடியாமல் நின்றால், தண்டர்பேர்டின் அமைப்புகளில் 'குக்கி' ஏற்பு நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்து இயக்குங்கள்.

6. நிரல் சேமித்து வைத்துள்ள பழைய கடவுச்சொல்லை நீக்குங்கள். நீங்கள் புதிய சொல்லை மனத்தில் வைத்திருக்க, நிரல் பழையதையே ஒப்பித்துக்கொண்டிருக்கலாம்.

7. அஞ்சல் வருகிறது, ஆனால் போகவில்லை என்றால், வருகைக்கும் அனுப்புகைக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறப்பது அடிக்கடி நிகழும் குறையாகும்.

8. கணிப்பொறியின் நாளையும் நேரத்தையும் பாருங்கள். பழைய கணிப்பொறிகளில் கடிகாரத்துக்கு மின்சாரம் தரும் சிறு மின்கலம் தீர்ந்துவிட்டால், நாள்காட்டி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். இன்று செல்லத்தக்க சான்றிதழ், அந்தப் பழைய நாளில் 'இன்னும் தொடங்காத' சான்றிதழாகத் தோன்றும்.

9. வேறு இணைப்பில் முயன்று பாருங்கள். கல்லூரி, அலுவலக வலையமைப்புகள் சில போர்ட்டுகளை அடைத்து வைத்திருக்கலாம். கைப்பேசி இணைப்பில் இயங்கி, கல்லூரி இணைப்பில் இயங்காவிட்டால் காரணம் விளங்கிவிடும். கல்லூரியோ அலுவலகமோ தந்த கணக்காயின், நிரல் வழி நுழைவை அதன் நிர்வாகியே நிறுத்தியிருக்கவும் கூடும். அவரைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. தண்டர்பேர்டு நிரல் இயல்பாகப் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை புதிய அஞ்சல் தேடிச் செல்லும். அப்படியானால் ஒரு நாளில் 144 முறை. நீங்கள் கடவுச்சொல்லை மாற்றிய பின், ஏதேனும் ஒரு பழைய கணிப்பொறியோ கைப்பேசியோ முந்தைய சொல்லை விடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தால், சர்வர் அதைத் திருடனின் முயற்சி எனக் கருதிச் சிறிது நேரம் கதவை அடைத்துவிடலாம். அவ்வேளையில் சரியான சொல்லும் செல்லாது. பழைய கருவிகளில் அக்கணக்கை நிறுத்திவிட்டுச் சற்றுப் பொறுத்திருந்து முயல்வதே முறை.

செய்யத் தகாதவை

பாதுகாப்பு முறை என்னுமிடத்தில் 'எதுவுமில்லை' என்று வைத்துப் பார்க்கத் தோன்றலாம். அப்படி வைத்தால் கடவுச்சொல் வழியெங்கும் திறந்த கடிதமாகச் செல்லும். 'என் கடவுச்சொல் புரியாத எழுத்துகளாகத்தானே போகிறது?' என்று சிலர் கேட்பர். அந்த எழுத்துகள் பேஸ்-64 என்னும் மாற்றெழுத்து முறையைச் சேர்ந்தவை. கணிப்பொறியில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் பொதுவாக 8 பிட் கொண்டது. மூன்று எழுத்துகளின் 24 பிட்டுகளை ஆறு ஆறாகப் பிரித்தால் நான்கு பகுதிகள் கிடைக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் 64 குறிகளுள் ஒன்றைத் தருவதே இம்முறை. இதற்குச் சாவி எதுவும் இல்லை; எவரும் நொடியில் திருப்பிப் படித்துவிடலாம். இது உடையை மாற்றுவதேயன்றிப் பூட்டுவதன்று.

இருபடிச் சரிபார்ப்பை நிறுத்திவிடுவதும் தகாது. ஜிமெயிலைப் பொறுத்தவரை அதனால் பயனும் இல்லை. அதை நிறுத்தினால் செயலிக் கடவுச்சொல் பெறும் வழியும் அடைபடுகிறது. பழைய முறைக்கோ கதவு முன்பே மூடப்பட்டுவிட்டது. சான்றிதழ் எச்சரிக்கை வரும்போது, காரணம் அறியாமல் 'விதிவிலக்கு அளி' என்று அழுத்துவதும் தவறு. அது, அஞ்சலகம் என்று பெயர்ப் பலகை மாட்டிய எவரிடமும் சாவியைக் கொடுப்பதாகும். இணையத்தில் தேடிக் கிடைத்த உதவி எண்ணை அழைத்து, முன்பின் அறியாதவரிடம் கடவுச்சொல்லையோ கைப்பேசிக் குறியெண்ணையோ சொல்வது எல்லாவற்றினும் கொடிது. பழுது நீக்க அக்குறியெண் எவருக்கும் தேவையில்லை. கேட்பவர் யாராயினும் கொடுக்காதீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

மேலே கூறியதை ஒரு சிறு சோதனையால் உறுதி செய்துகொள்ளலாம். உங்கள் ஜிமெயில் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, ஒரு செயலிக் கடவுச்சொல் பெற்று, தண்டர்பேர்டு நிரலில் 'சாதாரணக் கடவுச்சொல்' முறையில் அதனைக் கொடுங்கள். வருகை, அனுப்புகை இரண்டும் நடப்பதைக் காணுங்கள். பின்பு உலாவியில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குச் சென்று, அச்செயலிக் கடவுச்சொல்லை நீக்கிவிட்டு நிரலை மூடித் திறங்கள். நிரல் வெளியே நிற்கும். உலாவியோ வழக்கம் போல் திறக்கும். நீங்கள் முதன்மைக் கடவுச்சொல்லைத் தொடவே இல்லை. ஆயினும் நிரல் சொல்லும் பதில் அதே 'உள்நுழைவு தோல்வி'தான்!

கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட புதிரை இப்போது நீங்களே உண்டாக்கி, நீங்களே விடுவித்திருக்கிறீர்கள். சோதனை முடிந்ததும் அடையாள முறையை 'ஓ-ஆத் 2' என மாற்றிவிடுங்கள். அடுத்த முறை அஞ்சல் நிரல் உங்களைத் தடுத்தால் கடவுச்சொல்லை மாற்ற விரையாமல், நான்கு படிகளுள் எந்தப் படியில் நிற்கிறோம் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்வியிலேயே விடையும் கிடைத்துவிடும்.